கேட்டெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம், தமிழ் வழி வகுப்பும் மலையாள வழி வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கத்து டீச்சர், "நோட்டை எடுங்க, சொல்வதெழுதுதல்" என்கிறார். அந்தப் பக்கத்து டீச்சர், "கேட்டெழுத்து" என்கிறார். நடப்பது ஒன்றுதான். ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள். சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிற பிள்ளை இரண்டு அறையிலும் உண்டு.

பேச்சை எழுத்தாக்குவதற்கு நாம் வைத்திருக்கும் சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் மொழிநூல் படித்தவன் அல்ல. எல்லைப்புறத்து நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் வாயிலிருந்து வருவதைத் தாளில் இறக்கியே குடும்பம் நடத்தியவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்த வேலைக்கு வழங்கும் பெயர்களுக்குள் கேட்டெழுத்து என்பதே நேர்மையான பெயர். மலையாளத்தார் வாயில் அது நிலைத்துவிட்டது என்றாலும், கேட்டல், எழுத்து இரண்டுமே நம் வீட்டுச் சொற்கள்தான். கடன் வாங்க வேண்டியதுகூட இல்லை, எடுத்துப் புழங்கினால் போதும்.

ஏன் நேர்மையான பெயர் என்கிறேன்? சொல்வதெழுதுதல் என்னும்போது, சொன்னது எதுவோ அதுவே தாளில் இருக்கிறது என்ற நம்பிக்கை உள்ளே ஒளிந்திருக்கிறது. நடுவில் ஒரு காது இருப்பது மறந்துபோகிறது. எழுதுகிறவனுக்குச் சொன்னது ஒருநாளும் கிடைப்பதில்லை, கேட்டது மட்டும்தான் கிடைக்கிறது. டீச்சர் 'மனம்' என்று சொல்லியிருக்கலாம். பையன் காதில் 'மணம்' விழுந்தால் நோட்டில் மணம்தான். மதிப்பெண் போவது என்னவோ பையனுக்கு. வாய் தவறியதா காது தவறியதா என்று யாரும் விசாரிப்பதில்லை.

மற்ற மொழிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் அவையும் பெரும்பாலும் வாய்ப் பக்கம்தான் சாய்கின்றன. ஆந்திரப் பக்கம் போனால் உக்தலேகனம் என்பார்கள். உக்தம் என்றால் சொல்லப்பட்டது. நாம் அன்றாடம் புழங்கும் டிக்டேஷன், லத்தீனில் 'டிக்டாரே' என்ற வினையிலிருந்து வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லுதல், சொல்லி எழுத வைத்தல் என்று பொருள். சர்வாதிகாரியைக் குறிக்கும் டிக்டேட்டரும் அங்கிருந்துதான். அவர் சொல்வார், மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்! வேடிக்கை என்னவென்றால் அதே லத்தீன் வினை ஜெர்மன் மொழிக்குள் போய் 'டிஷ்டன்' என்று ஆகி, கவிதை புனைவதைக் குறிக்கிறது. அங்கே கவிஞனுக்கே பெயர் 'டிஷ்டர்'. ஒரே வேரில் ஒரு கிளை சர்வாதிகாரியாகவும் இன்னொரு கிளை கவிஞனாகவும் போயிருக்கிறது. எழுதிக்கொண்டவனுக்கு இரண்டு கிளையிலும் இடமில்லை.

டிரான்ஸ்கிரிப்ஷன் இன்னொரு வகை. 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'ஸ்கிரீபெரே' என்றால் எழுதுதல். ஓரிடத்தில் இருக்கும் எழுத்தை இன்னொரு இடத்துக்குப் பெயர்த்து எழுதுவதுதான் அதன் பழைய பொருள். ஏடு பழுதானால் புது ஏட்டில் பெயர்த்தெழுதினார்களே, அதுபோல. நம் சொல்லில் அது படியெடுத்தல். அதில் வாய்க்கும் வேலையில்லை, காதுக்கும் வேலையில்லை. கண்ணும் கையும் இருந்தால் போதும். ஒலியியல் படிப்பு வளர்ந்து, 1877இல் எடிசன் குரலைப் பிடித்துவைக்கும் கருவியைச் செய்து, அதற்கும் பிறகுதான் அந்தச் சொல் பேச்சின் பக்கம் நன்றாக நீண்டது. தமிழில் அதற்கு ஒலிபெயர்ப்பு என்று ஒரு சொல்லை ஆள்கிறார்கள். ஆனால் ஒரு மொழிச் சொல்லை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவதற்கும் அதே பெயர்தான். இரண்டு வேலைக்கு ஒரு பெயர் என்றால் ஒன்று பட்டினி கிடக்கும்.

சரி, நம் முன்னோர் என்ன செய்தார்கள்? தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தின் அடிப்பகுதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ராஜராஜசோழனின் கல்வெட்டு அங்கே தொடங்குகிறது. முதலில் மெய்க்கீர்த்தி. 'திருமகள் போல' என்று எடுத்து, காந்தளூர்ச் சாலை கலமறுத்தது முதலான வெற்றிகளை அடுக்கிக்கொண்டு போகும் கம்பீரமான தமிழ். அதற்கப்புறம் சட்டென்று தமிழ் கீழே இறங்கி வருகிறது. 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், அரசர் அரண்மனைக்குள் கிழக்குத் திருமஞ்சன சாலையில், அதாவது குளிக்கும் மண்டபத்தில், தானம் செய்துகொண்டு இருக்கிறார். இருந்தபடியே சொல்கிறார்: நாம் எடுப்பிச்ச திருக்கற்றளிக்கு, நாங்குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக. இப்படித் 'திருவாய்மொழிஞ்சருள' வெட்டினதாம்.

'எடுப்பித்த' அல்ல, எடுப்பிச்ச. 'கொடுத்தன' அல்ல, குடுத்தன. 'மொழிந்தருள' அல்ல, மொழிஞ்சருள. கல்லில் இருக்கிறது, உளி கொண்டு வெட்டியது. இது அரசர் வாயிலிருந்து அப்படியே வந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பேச்சு வழக்கு தாராளமாகப் புழங்குகிறது. எழுதினவனின் வழக்காகவும் இருக்கலாம். ஆனாலும் யாரோ ஒருவர் வாய் அதில் இருக்கிறது. அக்காளை 'அக்கன்' என்று சொல்கிற வாய். குந்தவைப் பிராட்டியாரைப் பற்றி மெய்க்கீர்த்திக்காரர் எழுதியிருந்தால் எத்தனை அடைமொழி போட்டிருப்பார்!

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தக் கல்வெட்டைப் படித்தால் இன்னொன்றும் தட்டும். எடுப்பிச்ச, மொழிஞ்ச என்பவை இன்றைய மலையாளத்தின் எடுப்பிச்ச, மொழிஞ்ஞ என்பவற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. தஞ்சாவூரில் வெட்டினதைப் பாலக்காட்டுக் காதால் படித்தால் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு சின்ன வேலி இருந்தது என்று தெரியும்.

அரசர் சொன்னதும் கல்லுக்குப் போய்விடாது. நடுவில் ஒரு முழு அலுவலகமே இருந்தது. சோழர் ஆவணங்களில் திருவாய்க்கேள்வி என்று ஒரு சொல் வருகிறது. அரசரின் வாய்மொழியைக் கேட்டுக்கொள்வதே ஒரு பொறுப்பு. அதை ஓலையில் எழுதுகிறவர் திருமந்திர ஓலை. எழுதினது சரிதானா என்று பார்த்து ஒப்பிடுகிறவர் திருமந்திர ஓலை நாயகம். அப்புறம் அது வரிக் கணக்கு ஏடான வரிப்பொத்தகத்தில் ஏறும். நான் பார்த்த நீதிமன்றத்தில் ஸ்டெனோவும் பெஞ்சு கிளார்க்கும் நீதிபதியுமாகச் செய்ததை அவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பங்கு பிரித்துச் செய்திருக்கிறார்கள். எழுதினவனுக்கு ஒரு பெயர், கேட்டதற்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்தார்களே, அதுதான் எனக்கு முக்கியம். கேள்வி என்ற சொல் இன்று வினாவுக்கு மட்டும் ஆகிவிட்டது. வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தது கேட்டலுக்காகத்தான்.

மொழி என்ற சொல்லுக்கும் இதே கதி. தமிழில் இன்று மொழி என்றால் பாஷை. எல்லை தாண்டி ஒரு கேரளப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். "மொழி எடுக்கணும்" என்பார்கள். வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அர்த்தம். மொழி கொடுத்தான், மொழி எடுத்தார்கள். சாகும் தறுவாயில் சொல்வது மரணமொழி. சாட்சி பிறழ்ந்து பேசினால் மறுநாள் மலையாளப் பத்திரிகையில் 'சாட்சி மொழி மாற்றி' என்று வரும். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்நாட்டுப் பெண்கள் இதைப் படித்துவிட்டு, "மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறிட்டார் போல" என்று நினைத்துக்கொள்வது உண்டு. சித்தூர் தாலுகாவில் அதுவும் நடக்கிற காரியம்தான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

யோசித்துப் பார்த்தால் மலையாளம்தான் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மொழிதல் என்றால் சொல்லுதல். மொழி என்றால் சொன்னது. பழமொழி, உறுதிமொழி, வாய்மொழி எல்லாவற்றிலும் நாமும் அப்படித்தான் வைத்திருக்கிறோம், கவனிப்பதில்லை. திருவாய்மொழி என்று நம்மாழ்வார் பாசுரத்துக்குப் பெயர் வந்ததும் அந்தப் பொருளில்தான்.

நம்மாழ்வாரைச் சொன்னதும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அவர் பாட, மதுரகவியாழ்வார் 'பட்டோலை கொண்டார்' என்று வைணவர்கள் சொல்வார்கள். சொல்லச் சொல்ல ஓலையில் எழுதிக்கொள்வது பட்டோலை. அருமையான சொல், இன்று அகராதியில் படுத்திருக்கிறது. அந்த மரபிலேயே, பேச்சை எழுத்தாக்குவது பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த கதை ஒன்றும் இருக்கிறது.

திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்கு விரிவுரை சொல்லிவந்தார். கேட்க வருகிற கூட்டம் பெரிது. அதில் வடக்குத் திருவீதிப்பிள்ளை என்ற சீடர் பகலெல்லாம் உட்கார்ந்து கேட்பார். இரவில் வீட்டுக்குப் போய்க் கேட்டதையெல்லாம் ஓலையில் எழுதிவைப்பார். யாருக்கும் தெரியாது. முழுதும் எழுதி முடிந்தபிறகு ஒருநாள் ஆசிரியரிடம் கொண்டுபோய் வைத்தார். நம்பிள்ளை படித்துப் பார்த்தார். எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் அனுமதி இல்லாமல் எழுதினீரே என்று சொல்லி ஓலைக்கட்டை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். அப்புறம் அது ஈயுண்ணி மாதவர் என்ற இன்னொரு சீடர் கைக்குப் போய், தலைமுறை தலைமுறையாக ஒருவர் ஒருவராக மறைவாகவே கைமாறி, மணவாள மாமுனிகள் காலத்தில்தான் அரங்கத்தில் எல்லோரும் கேட்க வெளியே வந்தது என்று குருபரம்பரை சொல்கிறது. அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படி என்பது 32 எழுத்துக் கணக்கு. பெருக்கிப் பாருங்கள், பதினோரு லட்சத்துக்கு மேல். பதிவுக் கருவி இல்லை, சுருக்கெழுத்து இல்லை. பகலில் கேட்டதை இரவில் எழுதியது.

இதில் எனக்குப் பிடித்தது நம்பிள்ளையின் கோபம். இன்றைக்கு யார் பேசினாலும் கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்துவிடுகிறோம். உன் பேச்சை நான் எழுத்தாக்கிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும் என்ற நாகரிகம் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் திருவரங்கத்தில் இருந்திருக்கிறது. பேசினவருக்கும் அந்த எழுத்தில் உரிமை உண்டு என்று அவர் நினைத்திருக்கிறார்.

அவருக்கும் சில தலைமுறை முந்தின கதை ஒன்று. ராமாநுஜர் பிரம்மசூத்திரத்துக்கு உரையான ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்ல, அவர் சீடர் கூரத்தாழ்வான் எழுதினார். ஏற்பாடு என்னவென்றால், நான் சொல்வது உமக்கு ஒத்துவரவில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிடும். ஓரிடத்தில் ஆத்மாவின் இயல்பு பற்றி ராமாநுஜர் ஏதோ சொல்ல, அதில் ஆத்மா இறைவனுக்கு அடிமைப்பட்டது என்பது விட்டுப்போயிருந்தது. ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்திவிட்டார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ராமாநுஜருக்குக் கோபம் வந்து, அப்படியானால் நீரே எழுதிக்கொள்ளும் என்று எழுந்து போய்விட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, ஆழ்வான் நிறுத்தியது சரி என்று ஒப்புக்கொண்டு திரும்பி வந்தார் என்பது கதை. பாரதம் எழுதிய விநாயகருக்கு வியாசர் போட்ட நிபந்தனையும் ஏறத்தாழ இதுதான், பொருள் புரியாமல் எழுதக்கூடாது. ஆனால் விநாயகர் எங்கும் நிறுத்தி ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. நான் ஆழ்வான் கட்சி. தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பதும் கேட்பதுதான், திருப்பிக் கேட்பதும் கேட்பதுதான்.

எங்கள் சித்தூரிலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. தெக்கே கிராமத்தில் சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் உண்டு. மலையாளத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிற அந்தக் கவி கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது ஊர் நம்பிக்கை. விஜயதசமிக்குப் பிள்ளைகளை அங்கே எழுத்தினிருத்த, அதாவது முதலெழுத்து எழுதவைக்க, கூட்டிப் போவார்கள். அவர் பாடிய முறைக்குக் கிளிப்பாட்டு என்று பெயர். கவி கிளியை அழைத்துக் கதை சொல்லச் சொல்வார், கிளி சொல்லும். அதாவது அந்த ராமாயணம் முழுக்கக் கிளி சொல்லிக் கவி கேட்டது. எழுத்துக்கே அச்சன் என்று பெயர் வாங்கியவர், தன் காவியத்தை இன்னொரு வாயில் வைத்துவிட்டுக் கேட்கிறவர் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார்.

எழுத்து என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதுவது என்றால் முதலில் தீட்டுவதுதான். மலையாளத்துப் பெண்கள் இன்றும் கண்ணுக்கு மை இடுவதைக் கண்ணெழுதுவது என்கிறார்கள். பகவதி கோயிலில் வண்ணப் பொடியால் தரையில் உருவம் தீட்டுவது களமெழுத்து. நம் குறளிலும் இருக்கிறது: 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்'. மை தீட்டும்போது கோல் கண்ணுக்குத் தெரியாது என்று காமத்துப்பாலில் ஒரு பெண் சொல்கிறாள். அவள் சொல்ல வந்தது கணவனின் குறைகளைப் பற்றி. எனக்கு என்னவோ அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வர்க்கத்தாரின் ஞாபகம்தான் வரும். சாட்சியத்தைப் படிக்கிற யாருக்கும் அதை எழுதிய கோல் தெரியாது.

தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நீதிமன்றத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு வாய்க்கால் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வக்கீல் கேட்கிறார்: "சம்பவத்தன்று காலை ஆறு மணிக்கு நீங்கள் மடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள், இல்லையா?" சாட்சி சொல்கிறார்: "ஆமாங்க." தாளில் ஏறுவது: 'சம்பவத்தன்று காலை ஆறு மணிக்கு நான் மடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.' சாட்சி வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். மீதி எல்லாம் வக்கீல் சொல். எழுத்தில் அத்தனையும் சாட்சியுடையதாகிவிட்டது. இது யாரும் செய்யும் தில்லுமுல்லு அல்ல. கேள்வி பதிலாக எழுதாமல் சாட்சியத்தைப் பொதுவாக வரலாறு சொல்கிற பாணியில் எழுதலாம் என்று சட்டமே சொல்கிறது. வக்கீல் ஒன்றைச் சொல்லி, சாட்சி "ஐயோ, பச்சைப் பொய்யுங்க" என்று பதறினால், தாளில் அது '...என்று சொன்னால் சரியல்ல' என்று ஆறி அடங்கி உட்கார்ந்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், "அவன் என்னைக் கண்டபடி பேசிட்டானுங்க" என்கிறார். என்னைப் பேசினான் என்றால் ஏசினான். என்னிடம் பேசினான் என்றால் பேசினான். ஓர் ஐகாரத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. அதை மலையாளமாகவோ ஆங்கிலமாகவோ எழுத வேண்டியவர் தமிழ்க் காது இல்லாதவராக இருந்தால், 'அவன் என்னிடம் பேசினான்' என்று ஏறிவிடும். மறுபுறம், மலையாளத்துச் சாட்சி "எனிக்கு விஷமமாயி" என்றால் அவருக்கு மனக்கஷ்டம். தமிழ்க் காதுக்கு விஷமம் என்றால் குறும்பு. இந்த ஊரில் எழுதுகிறவனுக்கு இரண்டு காதும் இரண்டு பாஷையில் இருக்க வேண்டும்.

கை விஷயம் தனி. நாங்கள் பழகியது பிட்மன் சுருக்கெழுத்து. ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறை. எழுத்துக்கூட்டலைப் பார்க்காதே, ஒலியை எழுது என்பதே அதன் அடிப்படை. மெல்லிய கோடு 'ப' என்றால் அதையே அழுத்திப் போட்டால் 'பலம்' என்பதில் வரும் அந்தக் கனத்த 'ப'. தமிழெழுத்தில் இல்லாத அந்த வேறுபாடு பென்சிலின் அழுத்தத்தில் வந்துவிடும். உயிரெழுத்துக்குப் புள்ளியும் சிறு கோடும்; வேகத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டு மெய்களை மட்டும் போட்டுக்கொண்டு ஓடுவோம், பிறகு நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வோம். ஆங்கிலத்துக்குச் செய்த முறை என்பதால் ழகரத்துக்குக் கோடு கிடையாது. கொழிஞ்சாம்பாறையைப் பிட்மனில் எழுதவே வழியில்லை, ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவோம். இப்போது கணினியும் கைப்பேசியும் பேசப் பேச எழுதுகின்றன. நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் முதலில் எந்த மொழி என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். அது புரியாதபோது தோன்றியதை எழுதிவிட்டுப் போகிறது, திருப்பிக் கேட்பதில்லை.

சட்டத்துக்கு இந்தக் காதின் மீது சந்தேகம் உண்டு என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். போலீஸ் விசாரணையில் ஒருவர் சொன்னதை எழுதிக்கொண்டால், அதில் சொன்னவரின் கையெழுத்து வாங்கக்கூடாது என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு சொன்னது. அது போலீஸ் கேட்டெழுதியது, அவ்வளவுதான். சொன்னவர் தலையில் கட்ட முடியாது. நீதிமன்றத்தில் சொன்னதற்கு வேறு ஏற்பாடு. எழுதி முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று 278ஆம் பிரிவு. எழுதியது அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால், அவர் பேசிய மொழியிலோ அவருக்குப் புரிகிற மொழியிலோ பெயர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கென்றே எல்லைப்புறத்தில் ஆள் தேவைப்படும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஏற்பாடு மாறவில்லை. படித்துக் காட்டியதற்கு அடையாளமாகக் கடைசியில் ஆங்கிலத்தில் ஆர்.ஓ.ஏ.சி. என்று நாலு எழுத்துப் போடுவார்கள். படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டார் என்பதன் சுருக்கம். மலையாளத்தில் 'வாயிச்சு கேட்டு' என்று தொடங்கும். அங்கேயும் கேட்டுதான். வாயில் கிளம்பி, ஒரு காதில் விழுந்து, தாளில் ஏறி, திரும்ப வாய் வழியாகச் சொன்னவர் காதுக்கே வந்து சேர்ந்தால்தான் எழுத்து முடிந்தது என்று கணக்கு.

பெரும்பாலானவர்கள் பாதி கேட்டும் கேட்காமலும் தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பெரியவர் மட்டும் முழுக்கக் கேட்டார். வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படித்து முடித்ததும் நீதிபதி, "சரியா இருக்கா?" என்றார். "நான் சொன்னது அதுதானுங்க. ஆனா நான் அப்படிச் சொல்லலீங்க" என்றார் பெரியவர். எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று நீதிபதி பொறுமையாகவே கேட்டார். திருத்தவும் சட்டத்தில் இடமுண்டு, ஆட்சேபத்தைக் குறித்துவைக்கவும் இடமுண்டு. பெரியவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மலையாளத்தில் இருந்தது. "இடம்னு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த சாட்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.